லண்டனில் யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) பெறும் குடும்பத்துக்கு வீடு கொடுக்கலாமா? வாடகையை எப்படி நிர்ணயிப்பது?

ஏஜென்ட் சொன்ன வாடகைக்கும் வீடு பார்க்க வந்த குடும்பத்தால் கட்ட முடிந்த தொகைக்கும் நடுவில் நீங்கள் தயங்கி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்ஃபோர்டில் ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவனாக இதைச் சொல்கிறேன். பத்து வீடு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

முதலில் உங்கள் பகுதிக்குரிய லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ், அதாவது வாடகைக்கு அரசு தரும் உதவியின் உச்சவரம்பு, எவ்வளவு என்று பாருங்கள். அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் வாரத் தொகை தெரியும். அதை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுப்பதே மாதக் கணக்கு. நான்கால் பெருக்கிவிட்டால் ஆண்டுக்கு நான்கு வார வாடகை கணக்கிலேயே வராது. 2008இல் வட்டார வாடகைகளின் நடுமட்டத்தில் இருந்த இந்தத் தொகையை 2011இல் கீழிருந்து 30 விழுக்காட்டு மட்டத்துக்கு இறக்கினார்கள். 2024 ஏப்ரலில் புதுப்பித்துவிட்டு மறுபடி அப்படியே நிறுத்திவைத்தார்கள்.

இன்னொன்று, வீட்டில் எத்தனை அறை இருக்கிறது என்பதை அரசு பார்ப்பதில்லை, குடும்பத்துக்கு எத்தனை அறை தேவை என்பதையே பார்க்கிறது. என்னுடையது மூன்று படுக்கையறை வீடு. குடிவந்த தம்பதிக்கு ஏழு வயதில் மகன், நான்கு வயதில் மகள். பத்து வயதுக்குட்பட்ட இருவர் ஓர் அறையைப் பகிரலாம் என்பது விதியாகையால், இரண்டு அறைக்குரிய தொகைதான் அவர்களுக்குக் கிடைத்தது. மீதியைக் கணவரின் முதியோர் இல்ல வேலைச் சம்பளம் தாங்குமா என்று அவருடைய சம்பளச் சீட்டை வைத்து இருவரும் உட்கார்ந்து பார்த்த பிறகே வாடகையை முடிவு செய்தேன்.

பின்னர் அவருடைய வேலை நேரம் குறைந்து, இரண்டு மாத வாடகை பாக்கியானது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் உதவித்தொகையின் வாடகைப் பகுதியை நேரே நமக்கே அனுப்பும்படி விண்ணப்பிக்கலாம்; நான் விண்ணப்பித்தேன், அவரும் தம்முடைய யுனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் (அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் இணையப் பக்கம்) எழுதினார். பணம் நேராக வரத் தொடங்கியதோடு, பழைய பாக்கியையும் அவருக்குரிய தொகையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடித்து அனுப்பினார்கள்.

என்னை ஏமாளி என்பவர்கள், காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் அடமானத் தவணையும் கவுன்சில் வரியும் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும். கோயில் வாசலில் நின்று “பெனிஃபிட் ஆட்களுக்கா வீடு கொடுத்தாய்?” என்று கேட்ட உறவினர் ஒருவர், இந்நாட்டுக்கு வந்த புதிதில் அதே உதவியில்தான் வாடகை கட்டினார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்: உதவி பெறுவோரை அந்தக் காரணத்துக்காகவே ஒட்டுமொத்தமாக மறுப்பது சட்டவிரோதமான பாகுபாடு என்று யார்க் நகரக் கவுண்டி நீதிமன்றம் 2020 ஜூலையிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

வாடகை உயர்வைப் பொறுத்தவரை, 2024இல் அலவன்ஸ் கூடியபோது பிரிவு 13 அறிவிப்பு (வாடகையை உயர்த்தச் சட்டப்படி கொடுக்கும் அறிவிப்பு) கொடுத்து உயர்த்தினேன், அதன்பின் உயர்த்தவில்லை. சந்தை விலைக்குக் கேட்கலாமே என்று ஏஜென்ட் இன்னமும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.