விளையாட்டு வர்ணனையாளர் செய்தித் தொகுப்பாளராக மாற முடியுமா?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனையாளராகப் பெயர் வாங்கிய ஒருவர் பின்னர் செய்தித் தொகுப்பாளராக மாற முடியுமா, நேயர்கள் அவரை ஏற்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் சரளமான பேச்சு மட்டும் அதற்குப் போதாது என்பது என் கருத்து.

1962 முதல் 1981 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியை வழங்கிய வால்டர் கிராங்கைட், 1930களில் கான்சஸ் சிட்டி வானொலி நிலையம் ஒன்றில் வேறு பெயரில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை செய்தவர். தந்தியில் வரும் ஓரிரு சொற்களை வைத்துக்கொண்டு, மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், ஆட்டம் முழுவதையும் கண்முன் நடப்பதுபோல் சொல்ல வேண்டிய வேலை அது. (பிற்காலத்தில் அதிபரான ரொனால்டு ரீகனும் பேஸ்பால் ஆட்டங்களை இப்படித்தான் சொன்னார், ஒருமுறை தந்தி நின்றுபோக, மட்டையாளர் பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே 'ஃபவுலுக்கு' மேல் 'ஃபவுலாக' அடிப்பதாகச் சொல்லியே சமாளித்தாராம்.) ஆட்டத்தில் இவ்வளவு கற்பனைக்கு இடம் கொடுத்த அதே கிராங்கைட், தீ விபத்தில் தீயணைப்பு வீரர்கள் இறந்ததாக வந்த தகவலைத் தீயணைப்புத் துறையிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ஒலிபரப்பக் கூடாது என்று வாதாடி, அதனாலேயே அந்த வேலையை இழந்தார். யாரும் இறக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

இந்த நிதானத்தின் உச்சமாக நான் கருதுவது ஏபிசி தொலைக்காட்சியின் விளையாட்டு வர்ணனையாளர் ஜிம் மெக்கேயை. 1972 செப்டம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேல் அணியினர் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது அவருக்கு விடுமுறை. நீந்தப் புறப்பட்டவர், நீச்சல் உடைக்கு மேலேயே கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஒளிபரப்புக்கு வந்தமர்ந்தார். நள்ளிரவு வாக்கில் கைதிகள் அனைவரும் மீட்கப்பட்டதாக ஒரு செய்தி உலகெங்கும் பரவியது, அது பொய். பதினொரு பேரும் இறந்தனர் என்பது உறுதியான பிறகு, குரலை உயர்த்தாமல், மிகக் குறைந்த சொற்களில் அவர் அதை அறிவித்தார். இளமையில் பால்டிமோரில் பத்திரிகை நிருபராக இருந்த பழக்கம் அன்று கைகொடுத்திருக்க வேண்டும். அந்த ஒளிபரப்புக்காகச் செய்திப் பிரிவிலும் அவருக்கு எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது.

அந்த ஒளிபரப்பை நடத்திய விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ரூன் ஆர்லெட்ஜை 1977இல் ஏபிசி தன் செய்திப் பிரிவுக்கும் தலைவராக்கியபோது, விளையாட்டுக்காரருக்குச் செய்தியில் என்ன வேலை என்று பலர் முகம் சுளித்தனர். ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட நெருக்கடியின்போது அவர் தொடங்கிய இரவுநேரச் செய்தித் தொகுப்பே 1980இல் 'நைட்லைன்' நிகழ்ச்சியாக நிலைபெற்றது.

பிற்காலத்தவரில் என்பிசி தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1982இல் அதன் 'டுடே' காலை நிகழ்ச்சிக்கு வந்த பிரையன்ட் கம்பெல் பதினைந்து ஆண்டுகள் அங்கே நீடித்தார். நீங்கள் இத்துறைக்கு வர எண்ணிக் கேட்டிருந்தால், ராபின் ராபர்ட்ஸின் பாதையைக் கவனியுங்கள். கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனையான அவர், மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க் என்ற சிற்றூர் நிலையத்தில் விளையாட்டுச் செய்தி சொல்லத் தொடங்கி, பிலாக்ஸி, நாஷ்வில், அட்லாண்டா என ஒவ்வொரு படியாக ஏறி, 1990இல் ஈஎஸ்பிஎன்னுக்கு வந்தார். அங்கிருந்து ஏபிசியின் காலை நிகழ்ச்சியான 'குட் மார்னிங் அமெரிக்கா'வில் நிரந்தரத் தொகுப்பாளராக அமர 2005 ஆகிவிட்டது.