பாலில் கொதிக்க வேண்டாம்!

கேள்வி: சீனாவின் யுன்னான் மாகாணத்து ‘தியான்ஹோங்’ தேயிலை பரிசாக வந்தது. வழக்கம்போல் பாலில் கொதிக்கவைத்தேன், சப்பென்று இருக்கிறது. தேயிலை பழையதா?

பதில்: தேயிலை பழையது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. குறை போட்ட விதத்தில்தான். நாம் பாலில் கொதிக்கவைப்பது பெரும்பாலும் சி.டி.சி. தூள், அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்த சிறு மணிகள்; சாறு சட்டென்று இறங்கிப் பாலையும் மீறி நிற்கும். தியான்ஹோங் முழு இலை. கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும், மிச்சத்தைப் பால் மூடிவிடும்.

பால், சர்க்கரை இரண்டும் வேண்டாம். 150 மில்லி பிடிக்கும் மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தை வெந்நீரால் சூடாக்கிக் கொட்டிவிட்டு, 3 கிராம் இலை போடுங்கள். எடை போட்டே எடுங்கள். முறுக்கிய நீள இலைக்குக் கரண்டி அளவு சரிவராது. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு 90 டிகிரியில் ஊற்றி மூடுங்கள். 2 நிமிடம் போதும். பிறகு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: இலை நீரிலேயே கிடந்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதே இலையில் இன்னும் இரண்டு முறை போடலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கூட்டி.

குடிக்குமுன் மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். தேன், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாசனை வரும்; எவ்வளவு அருமையான மணம் அது! பொன்னிற மொட்டுகள் நிறைய இருந்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும். சத்தம் வர உறிஞ்சுங்கள், காற்றோடு மணம் மூக்குக்கு ஏறும். வடித்த தேநீர் ஆறும்போது கலங்கினால் பதற வேண்டாம். காஃபீனும் தேயிலையின் நிறப்பொருள்களும் ஒன்றுசேர்வதால் வருவது அது.