அக்காகிட்ட கேளுங்க: "அப்பாவ வச்சு படிக்கறாங்களா?"

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு வயித்துவலின்னு சென்னைல சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜிஹெச்ல சேர்த்து நாலு நாள் ஆச்சு. தினமும் ரவுண்ட்ஸ்ல ஏழெட்டு ஸ்டூடண்ட்ஸ் சுத்தி நின்னு ஆளாளுக்கு வயித்த அமுக்கி பாக்கறாங்க, கேட்டதையே கேக்கறாங்க. அப்பாவ வச்சு படிக்கறாங்களோன்னு மனசு கேக்கல. கடன உடன வாங்கி பிரைவேட்டுக்கு மாத்திடலாமா? (வாசகர், திருத்தணி)

பதில்: தம்பி, கடன் வாங்கறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிடுங்க. ஆமா, அப்பாவ வச்சுதான் படிக்கறாங்க, அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. 1664ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள கிழக்கிந்தியக் கம்பெனி சோல்ஜர்களுக்குன்னு ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, 1835ல அதோட சேர்ந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜும் வந்தாச்சு, அன்னைலேர்ந்து வைத்தியமும் படிப்பும் ஒரே கட்டில் பக்கத்துலதான் நடக்குது.

ஆனா படிக்கற பிள்ளைங்க வைத்தியம் பாக்கறதில்ல. அப்பா ஒரு யூனிட்ல இருப்பாரு, அதுக்கு ஒரு சீஃப், அவருக்கு கீழ உதவிப் பேராசிரியர்கள், அப்புறம் மேல்படிப்பு படிக்கற பீஜி டாக்டர்கள், எம்பிபிஎஸ் பாடம் முடிச்சு பயிற்சில இருக்கற ஹவுஸ் சர்ஜன்கள், கடைசிலதான் இந்த ஸ்டூடண்ட்ஸ். மருந்து முடிவு பண்றது மேல இருக்கறவங்க. அடுத்த தடவ ரவுண்ட்ஸ்ல சீஃப் சொல்லிக்குடுக்கறத கவனிங்க, கைய தேச்சு சூடாக்கிட்டு தொடுங்க, வலிக்கற இடத்த கடைசியா தொடுங்க, அமுக்கும்போது வயித்த பாக்காதீங்க, நோயாளி முகத்த பாருங்கம்பாங்க. முகம் சுளிக்கறத பாத்துதான் வலி எங்கன்னு தெரியும்.

கேட்டதையே கேக்கறதுல எனக்கும் எரிச்சல் வந்துருக்கு, எங்கம்மாவ ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில சேர்த்தப்போ. கிட்னி கெட்டுக்கிட்டே போகுது, ஏன்னு பிடிபடல. மூணாவது நாள் சாயங்காலம் ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு ஸ்டூல இழுத்து போட்டு உக்காந்து எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேட்டுட்டு, "பாட்டி, கடைல நீங்களா ஏதாவது மாத்திரை வாங்கி போடுவீங்களா"ன்னா. அம்மா சுருக்குப்பைய அவுத்து முட்டிவலி மாத்திரை அட்டைய எடுத்து நீட்டுனாங்க, ஒரு வருஷமா தினம் ரெண்டு போட்டுருக்காங்க, எங்க யாருக்கும் தெரியாது. கிட்னிய கெடுத்தது அந்த மாத்திரைதான். பெரிய டாக்டருங்களுக்கு ஓபி கூட்டத்துல உக்காந்து கேக்க நேரம் கிடைக்கல, அந்த பொண்ணுகிட்ட நேரம் இருந்துச்சு.

அப்பாவுக்கு அசதியா இருந்தா "இப்ப முடியலப்பா, அப்புறம் வாங்க"ன்னு தாராளமா சொல்லலாம், அதுக்காக வைத்தியத்த குறைக்கக் கூடாது. அதையும் மீறி தொந்தரவுன்னா வார்டு பீஜிகிட்ட சொல்லுங்க. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாத்தணும்னா மாத்தாதீங்க.

கேள்வி: பொண்ணுக்கு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. பொம்பளப் பிள்ளைங்கள ரொம்ப முன்னாடியே சேர்த்த காலேஜ்னு சொல்றாங்களே, உண்மையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்மைதான்மா, பொண்ணுக்கு என் வாழ்த்து! 1875லயே மேரி ஷார்லீப்ங்கற ஆங்கிலேயப் பெண்ணோட சேர்த்து நாலு பெண்கள் அங்க படிக்க சேர்ந்தாங்க. நம்ம முத்துலட்சுமி ரெட்டி 1912ல அங்க பட்டம் வாங்குனாங்க.

கேள்வி: பீஜி டாக்டர் ஒருத்தர் ஆராய்ச்சிக்குன்னு என் மனைவிகிட்ட கொஞ்சம் ரத்தம் கூடுதலா கேட்டு கையெழுத்து போடச் சொல்லி ஒரு பேப்பர் குடுத்துருக்காரு. போடலாமா? (வாசகர், ஆரணி)

பதில்: படிச்சுட்டு போடுங்க சார். ஆராய்ச்சி சம்மதம் வேற, ஆபரேஷனுக்கு போடற கையெழுத்து வேற. பேப்பர் தமிழ்ல இருக்கான்னு பாருங்க, ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாக்கற நெறிமுறைக் குழுவோட அனுமதி இருக்கா, சந்தேகம்னா யாருக்கு போன் பண்ணனும்னு போட்டுருக்கான்னு பாருங்க. முடிவு உங்க மனைவியோடது. வேணாம்னாலும், நடுவுல விலகுனாலும் வைத்தியம் மாறக் கூடாது. ஆராய்ச்சிக்கான டெஸ்டுக்கு உங்ககிட்ட காசும் வாங்கக் கூடாது.

பீஜி ஆராய்ச்சின்னா வெறும் பரீட்சைக்குன்னு நெனச்சுடாதீங்க. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி பேராசிரியரா இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவ எய்ட்ஸ் பத்தி ஆராய்ச்சி பண்ணச் சொன்னாங்க. இந்தியால அந்த நோயே இல்லன்னு எல்லாரும் நெனச்ச காலம். நிர்மலா பாலியல் தொழில்ல இருந்த பெண்கள தேடிப்போய் ரத்தம் எடுத்து, அதுலேர்ந்து பிரிச்ச சீரம்ங்கற தெளிஞ்ச நீர வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சு பாதுகாத்தாங்க. சென்னைல டெஸ்ட் பண்ண வசதி இல்ல, அதனால 1986 பிப்ரவரில கணவரோட ரயிலேறி வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. டெஸ்ட்ல ஆறு சாம்பிள் மஞ்சளா மாறுச்சு, அது எய்ட்ஸ் கிருமியான ஹெச்ஐவி இருக்கறதுக்கு அடையாளம். இந்தியால ஹெச்ஐவி இருக்குன்னு முதல்முதலா தெரிஞ்சது அன்னைக்குத்தான், அதுவும் ஒரு மாணவியோட ஆராய்ச்சியால.

ஒண்ணு மட்டும் என் மனச உறுத்தும். எதுக்கு ரத்தம் எடுக்கறோம்னு அந்த பெண்கள்கிட்ட முழுசா சொல்லல, அத நிர்மலாவே பின்னாடி பேட்டில சொல்லிருக்காங்க. நாட்டுக்கே எச்சரிக்கை கிடைச்சது அவங்க ரத்தத்துலதான். இன்னைக்கு அப்படி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, உங்க கைல இருக்கற பேப்பர் அதுக்குத்தான். அதனால அவசரப்படாம வீட்டுக்கு எடுத்துட்டு போங்க, மனைவிக்கு ஒவ்வொரு வரியா படிச்சு காட்டுங்க, புரியாத வரிய கோடு போட்டு வச்சு மறுநாள் அந்த டாக்டர்கிட்டயே கேளுங்க.