கடலடி வரைபடத்தில் 40 என்ற எண்

அன்புள்ள ஐயா,
உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன். அறியாத இடங்களை ஆராயப் போகவேண்டும் என்பது சிறுவயது ஆசை. “பூமியில் இனிக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? கூகுள் ஏர்த்தில் கடலின் அடிகூடத் தெரிகிறதே” என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா?
ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

மாமா திரையில் பார்க்கும் கடலடியில் பெரும்பகுதி கணக்குப் போட்டு வரைந்தது. ஆழ்கடலின் அடிவரை ஒளியோ ரேடாரோ போகாது. செய்மதிக்கு அகப்படுவது நீரின் மேற்பரப்புத்தான். 2,000 மீற்றர் உயரமான கடலடி மலை சுற்றியுள்ள நீரைத் தன் ஈர்ப்பால் இழுத்து, மேற்பரப்பில் ஏறத்தாழ 2 மீற்றர் மேட்டை உண்டாக்கும். அந்த மேட்டை அளந்து, கீழே மலை இருக்கவேண்டும் என்று கணிக்கிறார்கள். சிறு குன்றுகள் இதில் சிக்கா.

இந்த முறை சறுக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டிய வண்டல் கிலோமீற்றர் கணக்கில் படிந்திருக்கிறது. 85 பாகைக் கிழக்கு மலைத்தொடர் அதற்குள் புதைந்து கிடக்கிறது. அதற்கு மேலே கடலடி சமதரையாக இருக்கிறது. ஈர்ப்போ குறைந்து காட்டுகிறது. ஈர்ப்பை மட்டும் நம்பினால் இல்லாத பள்ளத்தை வரைந்துவிடுவோம்.

உண்மையாக அளக்கக் கப்பல் போகவேண்டும். எதிரொலி திரும்பும் நேரத்தைக்கொண்டு ஆழம் அளக்கும் கருவி சோனார். பல்கற்றைச் சோனார் விசிறிபோல ஒலியை அனுப்பும். 4,000 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 5 செக்கனுக்கு மேலாகும். நீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகம் மாறிக் கற்றை வளையும். ஆகவே கருவியை இறக்கி அவற்றை ஆழத்துக்கு ஆழம் அளக்கவேண்டும். பழைய அளவோடு ஓட்டினால் தட்டையான தரையும் ஓரம் வளைந்த தட்டுப்போல வரும். எல்லாம் சரியாக நடந்தாலும், 1 பாகைக் கற்றை அந்த ஆழத்தில் 70 மீற்றருக்கு விரிந்துவிடும். 2014இல் காணாமற்போன எம்.எச்.370 விமானத்தின் நீளம் 64 மீற்றர், ஒரு புள்ளிக்கும் குறைவு. அதனால்தான் முதலில் கப்பலால் தரையை வரைந்து, பிறகு தரைக்குச் சற்று மேலே சோனாரை இழுத்துச் சென்று 1,20,000 சதுர கிலோமீற்றர் தேடினார்கள். 2017 ஜனவரியில் தேடல் நின்றபோது விமானம் கிடைக்கவில்லை. யாரும் அறியாதிருந்த எரிமலைகள் கிடைத்திருந்தன.

2025 நடுப்பகுதிவரை இப்படி அளந்தது உலகக் கடலடியில் ஏறத்தாழ 27 சதவீதம். கமராவோ மனிதக் கண்ணோ பார்த்த ஆழ்கடற்றரை, அதே ஆண்டு வெளியான ஆய்வின்படி, இலட்சத்தில் ஒரு பங்கும் இல்லை.

நிலத்தில் இடம் தெரியும். அங்கே வாழ்வது முழுதாகத் தெரியாது. 2005இல் மட்டும் இலங்கையின் புதர்த்தவளைகளில் 35 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. 1853இல் விவரிக்கப்பட்டு, பின்னர் அழிந்ததாகக் கருதப்பட்ட ஓர் இனம் 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடி அகப்பட்டது. இனம் பிரிக்க நிறமும் அளவும் போதா. கூவும் ஒலியும் டி.என்.ஏயும் வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு எடுத்த மாதிரியைக்கூட வரிசை மாற்றிக் கெடுத்துவிடலாம்: உடலைப் பதப்படுத்தும் போமலின் திரவத்தில் நேரே போட்டால் டி.என்.ஏ சிதையும். சிறு திசுத்துண்டை எதனோலில் வைத்த பிறகே உடல் போமலினுக்குப் போகவேண்டும்.

மாமாவுக்குக் காட்ட ஒரு வேலை. உலகக் கடலடி வரைபடத்தை வெளியிடும் ஜெப்கோ இணையத்தளத்தில் வட அகலாங்கு 5–10, கிழக்கு நெட்டாங்கு 79–85 என்று பெட்டி போட்டு, ஆழத்தோடு, ஒவ்வொரு சதுரத்தின் ஆழமும் எப்படிக் கிடைத்தது என்று எண்ணால் காட்டும் ‘டி.ஐ.டி’ கோப்பையும் இறக்குங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, எண்ணுக்கொரு நிறம் கொடுங்கள். தானாக வரும் சாம்பல் நிறத்தில் 10க்கும் 11க்கும் வேறுபாடு தெரியாது. 11 பல்கற்றை, 10 ஒற்றைக் கற்றை, 40 ஈர்ப்பிலிருந்து கணித்தது. ஒரு சதுரம் ஏறத்தாழ 450 மீற்றர் என்பதால் 40 உள்ள இடமும் நுணுக்கமாக அளந்ததுபோலத் தோன்றும். கண் ஏமாறுவது அங்கேதான். அங்கே யாரும் அளக்கவில்லை, அல்லது அளந்தவர்கள் தரவைத் தரவில்லை. திருகோணமலையில் தொடங்கிக் கிழக்கே நகர்த்துங்கள். 40 எங்கே தொடங்குகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.