கூரைக் கண்ணாடியும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒழுகலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஸ்கைலைட், அதாவது வெளிச்சத்துக்காகக் கூரையில் வைக்கும் கண்ணாடி, பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தஞ்சாவூர், திருச்சி பக்கம் வீடு கட்டுவதும் பழைய வீடுகளைச் செப்பனிடுவதும் என் தொழில். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

"மாடிப்படிக்கு மேலே 3 அடிக்கு 3 அடி கண்ணாடி போட்டிருக்கிறோம். மழை பெய்தால் ஓரத்தில் ஒழுகுகிறது. வருஷா வருஷம் சிலிக்கான் அடிக்கிறோம். இரண்டு மழை தாங்குகிறது, அப்புறம் பழைய கதைதான். நல்ல சிலிக்கான் எது?" – வாசகி, திருச்சி

அம்மா, சிலிக்கானைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஒரு அளவு எடுங்கள். கண்ணாடிச் சட்டம் உட்கார்ந்திருக்கும் சுற்றுக்கட்டு, தட்டோட்டுத் தளத்திலிருந்து எத்தனை அங்குலம் எழும்பி நிற்கிறது? நான் பார்த்த ஒழுகும் வீடுகளில் பெரும்பாலும் 2 அங்குலம்கூட இருக்காது. கான்கிரீட் போடும்போது 4, 5 அங்குலம் விட்டிருப்பார்கள். பிறகு சுருக்கி என்கிற செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையைப் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்து, தளம் 3, 4 அங்குலம் உயர்ந்துவிடும். சுற்றுக்கட்டு அதற்குள்ளேயே முழுகிப்போகும். கனமழையில் மாடியில் தேங்கும் தண்ணீர் நேராகச் சட்டத்தின் அடியைத் தொடும். எந்தக் கம்பெனி சிலிக்கானாலும் தேங்கி நிற்கிற தண்ணீரை வருஷக்கணக்கில் தடுக்காது. முடிந்துபோன தளத்திலிருந்து 6 அங்குலம் என்பது குறைந்தபட்சம். மழை சாய்ந்து அடிக்கும் நம் ஊருக்கு நான் 9 அங்குலத்துக்குக் குறைய விடுவதில்லை.

ஆனாலும் உடைப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெயில் நாளில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும், ஒருவர் மேலே ஓஸ் பைப்போடு போகட்டும். கீழேயிருந்து மேலே போக வேண்டும், அதுதான் முக்கியம். முதலில் கட்டைச் சுற்றியுள்ள தளத்தில் மட்டும் கால் மணி நேரம் தண்ணீர் ஓடட்டும். கட்டின் பக்கச்சுவரே நனையக் கூடாது. உள்ளே சொட்டு விழுந்தால் குற்றம் கண்ணாடியில் இல்லை, கட்டும் தளமும் சேரும் இடத்தில் இருக்கிறது. விழவில்லையென்றால் கட்டின் பக்கச்சுவரில் பிடியுங்கள். அடுத்து, கட்டின் மேல் சட்டம் உட்காரும் இடம். கடைசியாகத்தான் கண்ணாடியும் சட்டமும் சேரும் ஓரம். எடுத்த எடுப்பில் கண்ணாடி மேல் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், ஒன்றும் தெரியாது.

கட்டின் அடிதான் காரணம் என்றால், அநேகமாக அது செங்கல் கட்டாக இருக்கும். கான்கிரீட் வெயிலில் விரிவதும் செங்கல் கட்டு விரிவதும் ஒரே அளவில் இருக்காது, இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். அதை எடுத்துவிட்டு, தளத்தில் துளைபோட்டுக் கம்பி ஊன்றி கான்கிரீட்டிலேயே கட்டு எழுப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 3 அங்குலம் கூடுதலாக எழுப்பினால் 3 அடிக் கண்ணாடிக்குத் தேவையான சாய்வும் கிடைத்துவிடும். மட்டமாகக் கிடக்கும் கண்ணாடியில் தண்ணீரும் தங்கும், அழுக்கும் தங்கும். தளமும் கட்டும் சேரும் மூலையில் கலவையைச் சரிவாக வைத்து மூலையை மழுக்கிவிட்டு, வாட்டர் புரூஃபிங் பூச்சைத் தளத்தில் ஓரடி தூரத்திலிருந்து தொடங்கி, கட்டின் மேல் ஏற்றி, உச்சியையும் தாண்டி உள்பக்கம் மடங்கும்வரை அடிக்க வேண்டும். சட்டத்தின் விளிம்பு கட்டைத் தாண்டி வெளியே வந்து, 2 அங்குலமாவது கீழ்நோக்கி மடிந்திருக்க வேண்டும். சரியாகச் செய்த ஸ்கைலைட்டில் சிலிக்கானே இல்லாவிட்டாலும் தண்ணீர் உள்ளே வராது. விளிம்பில் சொட்டி வெளியேதான் விழும்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். அடிக்கும்போது புளித்த காடி வாடை வருகிறதே, அந்தச் சிலிக்கான் கான்கிரீட்டுக்கு ஆகாது. அதிலிருந்து வரும் அமிலம் சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து பிடிப்பை விட்டுவிடும். கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். பழையதைத் துளி விடாமல் சுரண்டி, தூசி துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது.

"எங்களுடையது தொட்டிக்கட்டு வீடு. குரங்குக்காகவும் மழைக்காகவும் முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினோம். அதிலிருந்து கூடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவு வெக்கை. ஷீட்டும் மஞ்சளாகிவிட்டது." – வாசகர், மன்னார்குடி

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது ஐயா. முற்றம்தான் அந்த வீட்டுக்கு மூச்சு. நாலு பக்கத்துச் சூடான காற்றும் அந்த வழியாகத்தான் மேலே போய்க்கொண்டிருந்தது. அதை அடைத்ததோடு, நேர் வெயிலையும் உள்ளே விட்டிருக்கிறீர்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் கிட்டத்தட்ட 1000 வாட் வெப்பம் இறங்குகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனதற்குச் சமம். உங்கள் முற்றம் 10 அடிக்கு 10 அடி என்றால் 9 சதுர மீட்டருக்கு மேல் வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும், நேர் உச்சந்தலைக்கு வருகிறது. குளிர்நாட்டு வீட்டுப் படங்களைப் பார்த்துக் கூரை முழுக்கக் கண்ணாடி போட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அங்கே வெயிலை வீட்டுக்குள் அழைக்க வேண்டியிருக்கிறது, இங்கே அது அழையாமலே வரும். 100 சதுர அடி அறைக்கு 4, 5 சதுர அடிக் கண்ணாடி போதும், பகலில் விளக்கே வேண்டாம்.

ஷீட்டை முழுசாக எடுக்க வேண்டியதில்லை. இறவாணத்தை, அதாவது ஓட்டுக்கூரையின் கீழ் விளிம்பை, ஒட்டிப் போட்டிருப்பார்கள், அதைக் கழற்றி, இரும்புக் கால் கொடுத்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்துங்கள். நாலு பக்கமும் அந்த இடைவெளி திறந்தே இருக்கட்டும், குரங்குக்குக் கம்பி வலை மட்டும் அடியுங்கள். சூடான காற்று அந்த வழியே போய்விடும். சாரல் அடிக்காதபடி ஷீட் முற்றத்தைவிட நாலு பக்கமும் 2 அடி அகலமாக ஓட்டின் மேல் நீண்டு நிற்க வேண்டும். ஷீட்டில் விழும் மழை ஓட்டில் இறங்கி, வழக்கம்போல முற்றத்துப் பக்கம்தான் வரும். அதனால் இறவாணத்தில் தகர வாய்க்கால் வைத்துக் குழாய் வழியாக இறக்குங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். தரைக்கு டைல்ஸ் போடும்போது முற்றத்துத் தூம்பை, அதாவது தண்ணீர் வெளியே போகும் துளையை, அடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அடைக்காதீர்கள். வாய்க்காலில் இலை அடைத்துக்கொண்டால் அந்தத் தூம்புதான் வீட்டைக் காப்பாற்றும்.

மஞ்சளானதற்குக் காரணம் பெரும்பாலும் தலைகீழாகப் போட்டதுதான். பாலிகார்பனேட் ஷீட்டில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு வழக்கமாக ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மேலே ஒட்டி வரும் பிலிமில் எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பிலிமை முதலிலேயே உரித்துப் போட்டுவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது. புது ஷீட் வரும்போது நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட் என்றால் அந்தக் கோடுகள் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகப் போக வேண்டும். மேல் நுனியை அலுமினிய டேப் ஒட்டி முழுக்க மூடவும், கீழ் நுனிக்கு ஈரம் வெளியேற வழிவிடும் டேப் போடவும். இரண்டையும் திறந்து விட்டால் உள்ளே பாசி பிடித்து, எறும்பும் குடிவந்துவிடும். 10 அடி நீள ஷீட் வெயிலுக்கும் இரவுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர்வரை நீளும், சுருங்கும். அதனால் திருகாணித் துளையைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷரோடு முடுக்க வேண்டும். இறுக்கி முடுக்கினால் துளையிலிருந்தே கீறல் விடும்.

2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கம் என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. உயர்த்திப் போட்ட ஷீட்டைக் காற்று அடியிலிருந்து தூக்கும். இரும்புக் கால்களை ஓட்டுச் சட்டத்தில் நிறுத்தாதீர்கள், சுவரில் அல்லது தூணில் போல்ட் போட்டு நிறுத்துங்கள்.

"ஓட்டு வீட்டில் இருட்டான அடுக்களைக்குக் கண்ணாடி ஓடு மாட்டினோம். அந்த இடத்தில் மட்டும் சொட்டுகிறது. சிமென்ட் பூசலாமா?" – வாசகி, நாகர்கோவில்

பூச வேண்டாம். சிமென்ட் விரிசல் விட்டு, அந்த விரிசலே தண்ணீரை உள்ளே இழுக்கும். அடுத்த ஓட்டைக் கழற்றவும் முடியாமல் போகும். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு மங்களூர் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு எத்தனையோ சூளைகள் அதே மாதிரியில் ஓடு அடித்தன. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொரு கம்பெனி ஓட்டின் நாக்கோடு சரியாகப் பொருந்தாது. உங்கள் கூரை ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கண்ணாடி ஓட்டோடு மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பொருந்துகிற ஓடுதான் என்றால் பள்ளத்தில் தூசியும் பாசியும் அடைத்திருக்கும், மழைக்கு முன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும். அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள், புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி வெளிச்சம் போய்விடும்.

"ஜனவரியில் மழையே இல்லை. ஆனாலும் காலையில் ஸ்கைலைட்டுக்குக் கீழே தரை நனைந்திருக்கிறது. வேலைக்கு வந்தவர் கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்கிறார்." – வாசகர், குன்னூர்

அவசரப்படாதீர்கள். மழையில்லாத நாளில் விடிகாலையில் மட்டும் சொட்டினால் அது ஒழுகல் இல்லை. சமையல், வெந்நீர், மூச்சு எல்லாவற்றிலிருந்தும் வரும் ஈரக்காற்று மேலே போய், இரவுக் குளிரில் சில்லிட்ட கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. விடிந்ததும் ஏணி போட்டுப் பாருங்கள். கண்ணாடியின் நடுப்பகுதி முழுக்க வேர்த்திருந்தால் இதுதான். ஒழுகலாக இருந்தால் ஒரு மூலையிலோ ஓரத்திலோதான் கறை இருக்கும்.

குளியலறையிலும் அடுக்களையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஈரத்தை வெளியேற்றுங்கள். சட்டத்தின் உள்விளிம்பில் சொட்டைப் பிடித்து வெளியே விடும் சிறு வாய்க்கால் இருக்கிறதா, அதன் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அந்தத் துளையைத்தான் யாராவது சிலிக்கான் வைத்து மூடியிருப்பார்கள். அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் மலைக்கு இரட்டைக் கண்ணாடி போடுவது செலவுக்குத் தகுந்த வேலைதான். மரச்சட்டம் என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கீழ்ச்சட்டம் உளுத்துவிடும்.

"கட்டி முடித்த காங்கிரீட் வீடு. நடு ஹாலில் 4 அடிக்கு 4 அடி வெட்டி ஸ்கைலைட் வைக்கலாம் என்று கொத்தனார் சொல்கிறார். ஒரே நாள் வேலையாம்." – வாசகர், மதுரை

தம்பி, வெட்டுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த 4 அடியில் ஓடும் கம்பிகள்தான் உங்கள் கூரையின் பாரத்தைச் சுவருக்குக் கொண்டுபோகின்றன. நடுவில் அறுத்தால் பாரம் ஓட்டையின் இரு பக்கமும் ஏறும். புதிதாகக் கட்டும்போது என்றால் ஓட்டையைச் சுற்றிக் கூடுதல் கம்பியும், நாலு மூலையிலும் குறுக்குச் சாய்வாகக் கம்பியும் கட்டிவிடலாம். கட்டிய வீட்டில் அதற்கு வழியில்லை. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, கீழே இரும்புச் சட்டம் எப்படித் தாங்க வேண்டும் என்று வரைந்து கொடுக்காமல் ஒரு கம்பியும் அறுபடக் கூடாது. வெட்டும்போதும் கீழே முட்டுக் கொடுத்து, ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். பிரேக்கர் வைத்து இடித்தால் அந்த அதிர்ச்சியில் சுற்றிலும் விரிசல் விடும்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு வழி. மாடிப்படி அறை இருக்கிறதல்லவா, அதன் சுவரில் கூரையை ஒட்டி வடக்குப் பக்கம் நீளமாகக் கண்ணாடி ஜன்னல் வையுங்கள். வெளிச்சம் படி வழியாக ஹாலுக்கு இறங்கும், வெயில் அதிகம் வராது. நிற்கும் கண்ணாடிக்கு மேலே ஒரு சன்ஷேடும் இருந்தால் ஒழுகுவதும் அபூர்வம். நடு ஹாலிலேதான் வேண்டுமென்றால் ஒளிக்குழாய் இருக்கிறது. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் ஓரடி விட்டக் குழாய் அது. கம்பி எங்கே போகிறது என்று கருவியால் பார்த்துவிட்டு, பொறியாளர் சொல்லும் இடத்தில் கோர் போட்டு, அதாவது மெஷினால் வட்டமாகத் துளைத்து, இறக்கலாம்.

"மொட்டை மாடியில் பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள். டஃபன்ட் கண்ணாடி என்றால் பயமில்லையா?" – வாசகி, கும்பகோணம்

பயம் இருக்கிறது அம்மா. டஃபன்ட், அதாவது சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி, உடைந்தால் சிறு துண்டுகளாகச் சிதறும், கத்திபோல் வெட்டாது என்பது உண்மை. ஆனால் தலைக்கு மேலே இருப்பது மொத்தமாகக் கொட்டிவிடும், மேலே நின்ற பிள்ளையும் அதோடு விழும். யாரும் அடிக்காமல் தானாகவே அது வெடிப்பதும் அபூர்வமாக உண்டு. கூரைக்கு எப்போதும் லேமினேட்டட்தான், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிலிம் ஒட்டியது. உடைந்தாலும் பிலிமைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். உங்கள் அளவுக்கு 6 மில்லிமீட்டர் டஃபன்ட் இரண்டு, நடுவே 1.52 மில்லிமீட்டர் பிலிம் என்று கேளுங்கள். கண்ணாடிக்கு அடியில், கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புக் கம்பி கிரில் கட்டாயம், கம்பிக்குக் கம்பி 4 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். மேலேயும் சுற்றி 3 அடி உயரத்துக்குத் தடுப்புக் கம்பி போட்டுவிடுங்கள், பிள்ளைகள் ஏறி உட்கார இடமே இருக்கக் கூடாது.