சின்ன ஊர்ல ஒரு டீமுக்கு ஏதாவது ஆனா ஏன் ஊரே உடைஞ்சு போகுது?

ஊர் துக்கம்னா, சொந்தக்காரங்க மட்டும் இல்லாம மொத்த ஊரும் தன் வீட்டு சாவா நினைச்சு அழறது. கனடால சஸ்காட்செவன் மாகாணத்துல ஹம்போல்ட்னு ஒரு ஊர், ஆறாயிரம் பேர் இருந்தா ஜாஸ்தி. 2018 ஏப்ரல் 6, அந்த ஊர் ஐஸ் ஹாக்கி டீம் ப்ராங்கோஸ் பிளேஆஃப் மேட்சுக்கு போன பஸ், லாரியோட மோதி 16 பேர் போயிட்டாங்க, 13 பேருக்கு காயம்.

ஏன் இவ்ளோ வலினா, அந்த பசங்கள்ல நிறைய பேர் வெளியூர், சீசன் முழுக்க ஊர்க்காரங்க வீட்லயே தங்கி அவங்க டேபிள்ல சாப்பிட்டு வளர்ந்தவங்க, அதனால பெத்தவங்க அளவுக்கு வளர்த்தவங்களும் துடிச்சாங்க. ஒரு வீட்ல சாவு விழுந்தா தெருவுல யாரும் அடுப்பு மூட்ட மாட்டாங்கல்ல, அந்த மாதிரிதான், இங்க தெருவே ஊர் சைஸ்.

பிளேஆஃபுக்காக எல்லாரும் ஒரே மாதிரி முடிய வெளுத்திருந்தாங்க, டீம் ஒத்துமைக்கு அடையாளமா. அதாலயே இறந்த ஒரு பையனையும் பிழைச்ச ஒரு பையனையும் மாத்தி அடையாளம் சொல்லிட்டாங்க. நினைச்சாலே நெஞ்சு பதறுது. அப்புறம் கனடா முழுக்க மக்கள் ராத்திரி வாசல்ல ஹாக்கி ஸ்டிக் வெச்சாங்க.

செப்டம்பர்லயே திரும்ப ஆடினாங்களே, மறந்துட்டாங்களான்னு பலர் கேக்கறாங்க. இல்லங்க, அந்த முதல் மேட்ச்ல விபத்துல பிழைச்சவங்கள்ல ரெண்டு பசங்களும் இறங்கி ஆடினாங்க.