வீடியோவுக்காகப் படிப்பை நிறுத்துவதா?

கேள்வி: எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், எப்போதாவதுதான் வருவார். 17 வயது மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். மாரியம்மன் பண்டிகையில் தோழிகளோடு ஆடியதை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். என் நாத்தனார் அதை என் கணவரிடம் காட்டி, ‘ஊரே பாக்குது’ என்றார். கணவர் அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். படித்தது போதும், நாத்தனார் மகனுக்கே முடித்துவிடலாம் என்கிறார். பத்தாவது படிக்கும் மகன் மட்டும் ராத்திரியெல்லாம் போனில் கேம் ஆடுகிறான். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, அந்த வீடியோவை நீங்கள் பார்த்தீர்களா? நாத்தனார் சொன்னதும் கணவர் சொன்னதும் கடிதத்தில் இருக்கின்றன. நீங்கள் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. மகன் போனிலேயே எடுத்துத் தரச் சொல்லி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, திட்டாமல் முழுதாகப் பாருங்கள். புதுத் துணி போட்ட நாலு பிள்ளைகள் மேளத்துக்கு ஆடியிருப்பார்கள், அவ்வளவுதான் இருக்கும். கோயில் வாசலில் ஊர் முன்னால் ஆடியபோது யாருக்கும் உறுத்தவில்லை. போனில் வந்ததும் மானப் பிரச்சினையாகிவிட்டது. அதைக் காட்டியவரே பெண்ணும் கேட்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லிச் சண்டைக்கு மட்டும் போகாதீர்கள், பேச்சு திசைமாறிவிடும்.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. வெளியூரில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறவருக்கு, வீட்டுப் பெண்ணைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பதறத்தான் செய்யும். முகம் தெரியாதவன் படத்தை எடுத்து, ஏஐ வைத்து அசிங்கமாக மாற்றி மிரட்டுவதும் நடக்கிறதுதான். ஆனால் அதற்கு வழி செட்டிங்ஸில் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் இல்லை. கணக்கைப் பிரைவேட்டாக மாற்றச் சொல்லுங்கள். உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்திருந்தால், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் புதிதாகத் தொடங்கும் கணக்கை இன்ஸ்டாகிராமே முதலில் பிரைவேட்டாகத்தான் வைக்கும். நிறையப் பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள், அதையும் கேளுங்கள். ஃபாலோயர் பட்டியலை இருவருமாகப் பார்த்து, அவளுக்கு நேரில் தெரியாதவர்களை நீக்கிவிடுங்கள். யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், மெசேஜை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். அப்படி ஒன்று நடந்தால் முதலில் உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் அவளுக்கு வேண்டும். பீரோ சாவியைக் கண்டால் அந்தத் தைரியம் வராது.

மகன் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. முழுப்பரீட்சை எழுத வேண்டிய பையன் ராத்திரியெல்லாம் கேம் ஆடலாம், பரீட்சை எழுதி முடித்த பெண் ஒரு தடவை ஆடியதற்குப் படிப்பே போக வேண்டுமா? ராத்திரியில் இருவர் போனும் உங்கள் கையில் இருக்கட்டும். சட்டம் போட்டால் இருவருக்கும் போடுங்கள்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாப்பிள்ளைக்கும் நடத்தி வைக்கிறவர்களுக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கிடைக்கலாம். சொந்தத்தில் முடித்தாலும் அதேதான். நிச்சயம் வரை போய்விட்டால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், உங்கள் மகளும் கூப்பிடலாம். ஆனால் கணவரிடம் எடுத்த எடுப்பில் சட்டத்தைப் பேசாதீர்கள். அடுத்த முறை அவர் வரும்போது, நாத்தனார் இல்லாத நேரமாகப் பார்த்து, “ஏங்க, யார் வேணும்னாலும் பாக்கற மாதிரி போட்டதுதான் தப்பு, அதை மாத்திட்டோம். படிப்பு என்ன பண்ணுச்சு?” என்று கேளுங்கள். பணக் கணக்கையும் சொல்லுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். தர்மபுரியிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

பூட்டி வைத்த போன் உடனே வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான். பதிவு செய்ய ஓடிபி வரும், கவுன்சிலிங் தகவலும் விண்ணப்பத்தில் கொடுத்த நம்பரைத் தேடித்தான் வரும். பீரோவுக்குள் கிடக்கும் போனுக்கு வந்தால் யார் பார்ப்பது? ஒரு தேதி தவறினால் ஒரு வருஷம் வீணாகும், அந்த ஒரு வருஷம் போதும் உங்கள் நாத்தனாருக்கு. கணவர் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தில் உங்கள் நம்பரையே கொடுங்கள். அட்மிஷன் முடியும் வரை அந்த நம்பரில் ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.